உப்பு ஒரு கை போட்டால் போதும்

(விழுப்புரத்தில் வாசகர் கூட்டமொன்றில், திண்டிவனத்தைச் சேர்ந்த டி.வி. மெக்கானிக் ஒருவர் ஆற்றிய சொற்பொழிவின் அச்சு வடிவம்)



திண்டிவனத்தில் ஏறி இங்கே இறங்குவதற்குள் பஸ்ஸில் ஒரு கூத்து. பக்கத்து சீட்டில் கல்லூரிப் பையன் ஒருவன். அவன் செல்போனில் ‘கர்ணன்’ ஓடிக்கொண்டிருந்தது. எனக்கு ஒரே சந்தோஷம், இந்தக் காலத்துப் பிள்ளை ‘கர்ணன்’ பார்க்கிறானே என்று. சந்தோஷம் ஒரு ஸ்டாப்பிங் தூரம்கூட நிற்கவில்லை. இரண்டு விரலால் படத்தை இழுத்துத் திரை முழுக்க நிரப்பிவிட்டான். சிவாஜிக்கு மேலே கிரீடம் இல்லை, கீழே தாடை இல்லை. நடுவில் இரண்டு கண்ணும் ஒரு மூக்கும்தான் நடித்துக்கொண்டிருந்தன. “தம்பி, கிரீடம் போயிடுச்சேப்பா” என்றேன். “ஓரத்துல கறுப்பா இருந்தா எனக்குப் பிடிக்காது அங்கிள்” என்றான்.

1928 அக்டோபர் 1-ஆம் தேதி பிறந்த வி.சி. கணேசனின், அதாவது நம் சிவாஜியின், பெயரில் முதலில் நிற்கும் ‘வி’ இந்த விழுப்புரம்தான். அவருக்கு விழுப்புரம் பஸ்ஸிலேயே கிரீடம் போய்விட்டது. வேறு எங்கேயோ தொடங்கலாம் என்று குறிப்பு எழுதி வைத்திருந்தேன். அதை மடித்துப் பையில் போட்டுவிட்டேன்.

எனக்குக் கொடுத்திருக்கும் தலைப்பு, டி.வி.யோடு இணைத்த கம்ப்யூட்டரில் படம் நன்றாகத் தெரிய என்ன செய்ய வேண்டும் என்பது. நான் இன்ஜினீயர் இல்லை. பிக்சர் டியூப் காலத்தில் தொழில் கற்றவன். தூர்தர்ஷன் நிகழ்ச்சி தொடங்கும் முன் காட்டுகிற வண்ணப் பட்டைகளை வைத்துக்கொண்டு வீடு வீடாகக் கலர் சரிசெய்தவன். அந்தப் பட்டை நிற்கும் சில நிமிடத்துக்குள் வேலையை முடிக்க வேண்டும். முடியாவிட்டால் மறுநாள்தான். இப்போது அந்த அவசரம் இல்லை, பட்டையையே கோப்பாக இறக்கி வைத்துக்கொள்ளலாம். ஆனால் திருக வேண்டிய இடங்கள்தான் மூன்று நான்காகிவிட்டன. சிக்கலே அங்கேதான்.

எங்கள் பக்கத்துக் கிராமங்களில் டூரிங் டாக்கீஸ் இருந்த காலம் இங்கே பாதிப் பேருக்கு நினைவிருக்கும். மணலைக் குவித்து மேடாக்கி உட்கார்ந்தவர்கள்தானே நாமெல்லாம்? படம் கொஞ்சம் மங்கினால் போதும், “ஆபரேட்டர்!” என்று நாலாபக்கமும் குரல், விசில். உள்ளே அவர் எரிந்து குறைந்துபோன கார்பன் குச்சிகளை ஒன்றுக்கொன்று நெருக்கி வைப்பார். வெளிச்சம் திரும்பும், கூட்டம் அடங்கும். படம் ஒழுங்காக ஓடுகிற நாளில் அந்த மனிதர் ஒருவர் இருக்கிறார் என்பதே யாருக்கும் ஞாபகம் வராது. இன்று உங்கள் வீட்டு ஹாலில் அந்த அறை இல்லை, அந்த வேலை மட்டும் அப்படியே இருக்கிறது. பார்க்கிறவரேதான் ஆபரேட்டர். விசில் அடித்தால் உங்கள் காதுக்கே கேட்கும்.

என்னைக் கூப்பிடுகிற வீடுகளில் நான் பார்ப்பது பெரும்பாலும் ஒரே வியாதிதான். அதை ரசம் வைக்கிற கதையாகச் சொல்வது வழக்கம். மாமியாரும் உப்பு போட்டுவிட்டார், அது தெரியாமல் மருமகளும் போட்டுவிட்டார். இல்லையென்றால், அவர் போட்டிருப்பார் என்று இவரும் இவர் போட்டிருப்பார் என்று அவரும் விட்டுவிட்டார்கள். கோப்பிலிருந்து கண்ணுக்கு வருவதற்குள் படம் மூன்று கை மாறுகிறது. படத்தை ஓட்டும் பிளேயர் ஒன்று, கம்ப்யூட்டருக்குள் இருக்கும் கிராபிக்ஸ் இரண்டு, டி.வி. மூன்று. அளவைப் பெரிதாக்குவது, கறுப்பு வெள்ளையின் எல்லையை வகுப்பது, வேகத்தை மாற்றுவது, ஓரங்களைக் கூராக்குவது எல்லாம் மூன்று பேருக்கும் தெரியும். மூன்று பேருமே ஆர்வக்கோளாறு பிடித்தவர்கள். ஒவ்வொரு வேலையையும் இவர்களில் ஒருவரிடம் ஒப்படைத்து மற்ற இரண்டு பேரையும் சும்மா உட்காரச் சொல்வது எப்படி என்பதுதான் இன்றைய பேச்சு.

முதலில் கறுப்பு. வீடியோவில் கறுப்பு என்றால் 0 இல்லை, 16. வெள்ளை 255 இல்லை, 235. டி.வி. உலகத்தின் பழைய வழக்கம் அது, மேலேயும் கீழேயும் கொஞ்சம் இடம் விட்டு வைத்தார்கள். கம்ப்யூட்டரின் கணக்கு வேறு. அதற்கு 0 முதல் 255 வரை எல்லாமே பயன்பாட்டில் இருப்பவை. ஆகவே யாராவது ஒருவர் 16-ஐ 0-க்கு இறக்கி, 235-ஐ 255-க்கு ஏற்ற வேண்டும். பிளேயர் அதைச் செய்து அனுப்புகிறது. டி.வி.யோ தனக்கு வருவது பழைய கணக்கு என்று நினைத்து இன்னொரு முறை இழுக்கிறது. உப்பு இரண்டு கை. இருட்டில் இருப்பதெல்லாம் ஒரே தார் பூச்சாகிவிடும், வெளிச்சத்தில் வெள்ளைச் சட்டையின் மடிப்பு காணாமல் போகும். தலைகீழாக நடந்தால், அதாவது யாருமே இழுக்காவிட்டால், படம் முழுக்க ஈரத்துணி போர்த்தியதுபோலச் சாம்பல் படியும். அப்போது வீட்டுக்காரர் என்ன செய்கிறார்? கலரைக் கூட்டுகிறார். உப்பில்லாத ரசத்தில் மிளகாய்த்தூள் போடுவதுபோல.

இதைச் சோதிக்க எனக்குப் பிடித்த படம் ‘அந்த நாள்’. 1954-இல் ஏவி.எம். எடுத்தது, எஸ். பாலசந்தர் இயக்கியது, பாட்டே இல்லாமல் வந்த முதல் தமிழ்ப் படம். 1943-இல் சென்னையில் ஜப்பான்காரன் குண்டு போட்ட சமயத்துக் கதை. சிவாஜி தொடக்கத்திலேயே சுடப்பட்டுச் செத்துவிடுவார், பிறகு ஆளுக்கொரு கதையாக அவரைச் சொல்வார்கள். மாருதி ராவ் கேமராவில் பாதிப் படம் நிழல்தான். கறுப்பை அள்ளித் தெளித்த படம் இல்லை அது. அந்தக் கறுப்பில் பல படிகள் உண்டு. கோட்டுக்கும் சுவருக்கும் இடையில், சுவருக்கும் கதவின் இடுக்குக்கும் இடையில் வித்தியாசம் தெரிய வேண்டும். எங்கள் ஊரில் ஒருவர் புதுசாக 55 இன்ச் வாங்கிக் கம்ப்யூட்டரை இணைத்துவிட்டு, “பழைய படம் சார், இப்படித்தான் இருக்கும்” என்று காட்டினார். சிவாஜியின் தலை மட்டும் இருட்டில் மிதந்துகொண்டிருந்தது, உடம்பைக் காணோம். கிராபிக்ஸ் அமைப்புக்குள் போய்ப் பார்த்தேன், ‘ஃபுல்’, அதாவது 0 முதல் 255 வரை, என்று இருந்தது. டி.வி.யில் ஹெச்.டி.எம்.ஐ. பிளாக் லெவலையும் அதற்கு இணையாக மாற்றினேன். உடம்பு வந்துவிட்டது. இரண்டையும் ‘லிமிடெட்’டில், அதாவது 16 முதல் 235 வரை என்பதில், வைத்தாலும் சரிதான். இரண்டு பக்கமும் ஒரே பேச்சு பேச வேண்டும், அவ்வளவே. இதில் ஒரு தொல்லை, அந்தத் தேர்வுக்கு ஒவ்வொரு டி.வி. கம்பெனியும் ஒவ்வொரு பெயர் வைத்திருக்கிறது. பெயரை நம்பாமல் கண்ணை நம்புங்கள். 16-க்குப் பக்கத்தில் 17, 18, 19 என்று படிப்படியாக ஏறும் பட்டைகள் கொண்ட சோதனைப் படங்கள் இலவசமாகவே கிடைக்கின்றன. 16 பின்னணியோடு கலந்துவிட வேண்டும். 17 அல்லது 18 மங்கலாக, இருக்கிறதா இல்லையா என்று கேட்கிற அளவில் தெரிய வேண்டும்.

அதைச் சரிசெய்யும் குமிழுக்குப் பல டி.வி.களில் பெயர் ‘பிரைட்னஸ்’. அது வெளிச்சத்தைக் கூட்டுவதில்லை, கறுப்பின் அடிமட்டத்தைத்தான் நகர்த்துகிறது. வெளிச்சம் ‘பேக்லைட்’டில் இருக்கிறது. இந்தப் பெயரை வைத்த மனிதர் எங்காவது அகப்பட்டால் எனக்குச் சொல்லியனுப்புங்கள்.

அடுத்து அந்த பஸ் பையனின் பிரச்சினை, படத்தின் வடிவம். 1950-களின் படங்கள் உயரத்தைப்போல 1.37 மடங்கு அகலம். இன்றைய டி.வி. 1.78 மடங்கு. பழைய படத்தைப் பக்கவாட்டில் இழுத்துத் திரையை நிரப்பினால் ஆள் முப்பது சதவீதம் பருத்துவிடுவார். ‘பராசக்தி’யில் ஒல்லியாக வந்த பிள்ளையை நாமே ஊதிவிடுகிறோம். சினிமாஸ்கோப் எதிர்ப்பக்கத்துத் தொல்லை. தமிழில் முதல் சினிமாஸ்கோப் படமான ‘ராஜராஜ சோழன்’ 1973-இல் வந்தது. அதிலும் இவர்தான் கதாநாயகன். ஸ்கோப் படம் 2.35 மடங்கு அகலம். 1,920 புள்ளி அகலமுள்ள திரையில் அதன் உயரம் 817 கோடுதான் வரும். மேலும் கீழுமாக மீதி 263 கோடு கறுப்பாகத்தான் இருக்கும், இருக்கவும் வேண்டும். அந்தக் கறுப்பு படத்தின் வேட்டிக் கரைபோல, கிழிக்கக் கூடாது. பிளேயரில் ‘ஒரிஜினல்’ என்ற தேர்வை வைத்துவிட்டு டி.வி.யின் ஜூம், வைட் வகையறாக்களைத் தொடாமல் விடுங்கள்.

அதோடு டி.வி.யில் ‘ஓவர்ஸ்கேன்’ என்றொரு பழைய நோய் உண்டு. பிக்சர் டியூபின் ஓரம் வளைந்திருக்கும், விளிம்பு சரியாக வராது, அதனால் படத்தைக் கொஞ்சம் பெரிதாக்கி விளிம்பை மறைத்துவிடுவார்கள். டியூப் போய்ப் பல வருடம் ஆகியும் பழக்கம் போகவில்லை. இன்றும் பல டி.வி.கள் வரும் படத்தைச் சற்றே ஊதி ஓரத்தை நறுக்குகின்றன. கம்ப்யூட்டர் திரையில் அடியிலிருக்கும் பட்டை பாதி மறைந்திருந்தால் இதுதான் காரணம். ‘ஜஸ்ட் ஸ்கேன்’, ‘ஸ்க்ரீன் ஃபிட்’ என்று ஏதாவது பெயரில் மாற்று இருக்கும். மாற்றிய நிமிடத்தில் எழுத்தெல்லாம் கூர்மையாகும். காசில்லாமல் கிடைக்கிற முன்னேற்றத்தில் இதைவிடப் பெரிசு எதையும் நான் பார்த்ததில்லை.

இப்போது வேகம். இது விழுப்புரத்துக்காரர்களுக்குச் சுலபமாகப் புரியும், உங்களிடம் ஜங்ஷன் இருக்கிறது. சென்னையிலிருந்து வரும் பாதை அகலமாகிவிட்டது, திருவண்ணாமலை வழியாகக் காட்பாடி போகும் பாதையும் மாயவரம் பாதையும் இன்னும் மீட்டர் கேஜ் என்று இருந்த வருடங்கள் நினைவிருக்கிறதா? ஒன்று 1,676 மில்லிமீட்டர், மற்றது 1,000. ஒரு வண்டி இன்னொரு தண்டவாளத்தில் ஏறாது. குழந்தையையும் டிரங்குப் பெட்டியையும் தூக்கிக்கொண்டு பிளாட்பாரம் மாறித்தான் ஆக வேண்டும். படத்தின் வேகமும் திரையின் வேகமும் அப்படித்தான். சினிமா விநாடிக்கு 24 சட்டம், அதாவது ஃபிரேம். கம்ப்யூட்டரை அதன் போக்கில் விட்டால் விநாடிக்கு 60 முறை திரையைப் புதுப்பிக்கிறது. 60-ஐ 24-ஆல் வகுத்தால் இரண்டரை. அரைத் தடவை காட்ட முடியாது. அதனால் ஒரு சட்டத்தை இரண்டு தடவை, அடுத்ததை மூன்று தடவை என்று காட்டுகிறது. ஒன்று 33 மில்லி விநாடி நிற்கும், அடுத்தது 50 நிற்கும். ஒருவர் சும்மா உட்கார்ந்து பேசினால் தெரியாது. கேமரா பக்கவாட்டில் மெல்ல நகர்ந்தால், ராஜசபையில் தூண் தூணாகக் கடந்தால், தூண்கள் நொண்டி நொண்டிப் போகும்.

டூரிங் டாக்கீஸில் இது கிடையாது. அங்கே புரொஜக்டரின் ஷட்டரில் இரண்டு இதழ், ஒவ்வொரு சட்டத்தையும் இரண்டு தடவை வெட்டிக் காட்டும். விநாடிக்கு 48 மின்னல், எல்லாச் சட்டத்துக்கும் சம பங்கு. மணலில் உட்கார்ந்து பார்த்த நாம் இந்த விஷயத்தில் 55 இன்ச் காரர்களைவிடக் கொடுத்துவைத்தவர்கள். வீட்டில் அதே சமபங்கு வேண்டுமென்றால் திரையின் புதுப்பிப்பு வேகத்தைப் படத்துக்கு ஏற்ப மாற்ற வேண்டும். 24 சட்டத்துக்கு 24 ஹெர்ட்ஸ், 25 சட்டத்துக்கு 50 ஹெர்ட்ஸ். இன்றைய டி.வி.கள் பெரும்பாலும் இரண்டையும் ஏற்கின்றன. ‘கோடி’ என்ற இலவச மென்பொருளில், பணக்கணக்கில்லை, பெயரே அதுதான், பிளேயர் அமைப்புகளுக்குள் திரை வேகத்தைத் தானே மாற்றிக்கொள்ளும் தேர்வு உண்டு. படம் தொடங்கும்போது மாறும், முடிந்ததும் பழையபடி திரும்பும். ஒரு நுணுக்கம்: பல கோப்புகள் சரியாக 24 இல்லை, 23.976. திரை 24-இல் ஓடினால் ஏறக்குறைய 42 விநாடிக்கு ஒரு முறை ஒரு சட்டம் இரட்டித்து ஒரு சின்ன விக்கல் வரும். திரைக்கு 23.976 என்ற தேர்வும் இருந்தால் அதை எடுங்கள். விக்கல் உங்கள் கண்ணுக்குத் தெரியாவிட்டால் விட்டுவிடுங்கள், தெரிந்தவர்களுக்குத் தூக்கம் வராது. நான் இரண்டாவது ரகம்.

25 எங்கிருந்து வந்தது என்றால், நம் நாட்டு மின்சாரத்திலிருந்து. இங்கே கரண்ட் 50 ஹெர்ட்ஸ், அதனால் டி.வி.யும் விநாடிக்கு 50 அரைப்படம், 25 முழுப்படம் என்று அமைந்தது. 24 சட்டச் சினிமாவை அதில் ஏற்ற வழக்கமான வழி, படத்தைச் சற்று வேகமாக 25-இல் ஓட்டிவிடுவது. மூன்று மணி நேரப் படம் ஏழு நிமிடம் முன்னதாக முடியும். அது பரவாயில்லை. குரலும் ஏறிவிடும், அதுதான் எனக்கு வருத்தம். ஏறக்குறைய அரைக்கட்டையில் முக்கால் பங்கு. டி.எம். சௌந்தரராஜன் பாடிய சுருதி ஒன்று, வீடியோ கேசட்டிலும் டிஸ்க்கிலும் நாம் கேட்டு வளர்ந்தது வேறு. இசைத்தட்டு வைத்திருந்த வீட்டுப் பிள்ளைகளுக்கும் வீடியோவில் மட்டும் பாட்டுக் கேட்ட வீட்டுப் பிள்ளைகளுக்கும் ஒரே பாட்டு இரண்டு சுருதியில் மனப்பாடமாகியிருக்கும். பிளேயரில் வேகத்தை 0.96 என்று வைத்து, சுருதியைக் காப்பாற்றும் தேர்வை அணைத்துவிட்டால் படமும் குரலும் பழைய நிலைக்கு இறங்கும். நான் செய்து கேட்டிருக்கிறேன். முதல் பாட்டில் ஏதோ சோர்வாகத் தெரிந்தது, மூன்றாவது பாட்டில் பழகிவிட்டது, ஐந்தாவதில் மற்றதைக் கேட்கப் பிடிக்கவில்லை.

டி.வி.க்குள்ளேயே ஒரு ஆர்வக்கோளாறு இருக்கிறது. இரண்டு சட்டத்துக்கு நடுவில் இல்லாத சட்டத்தைத் தானே கற்பனை செய்து செருகும். ஒவ்வொரு கம்பெனியிலும் அதற்கு ஒரு பகட்டுப் பெயர். கடையில் பார்த்தால் கிரிக்கெட் பந்து வழுக்கிக்கொண்டு போகும், ஆஹா என்று தோன்றும். வீட்டில் சினிமா போட்டால் சீரியல் மாதிரி ஆகிவிடும். “என்னவோ நாடகம் பார்க்கிற மாதிரி இருக்கு” என்று பாட்டிமார்கள் சொல்வார்களே, அதுதான் சரியான கணிப்பு. அணைத்துவிடுங்கள். ‘விவிட்’, ‘டைனமிக்’ என்ற வண்ண முறைகளும் வேண்டாம், சினிமா அல்லது மூவி என்று இருப்பதை எடுங்கள். 2019-இல் படைப்பாளிகளும் டி.வி. கம்பெனிகளும் பேசி ‘ஃபிலிம்மேக்கர் மோட்’ என்று ஒன்றைக் கொண்டுவந்தார்கள். இருந்தால் அதுவே நல்லது. ஷார்ப்னஸைக் குறையுங்கள், நாய்ஸ் ரிடக்‌ஷனை நிறுத்துங்கள். பழைய ஃபிலிமில் மணல் மணலாகத் தெரிவது அழுக்கில்லை, அந்த ஃபிலிமின் உடம்பே அதுதான். அதைத் துடைத்தால் முகத்திலிருக்கும் சுருக்கமும் சேர்ந்து போகும். சாவித்திரியின் முகத்தில் மெழுகு பூசியதுபோல ஆகிவிடும்.

சினிமா முறைக்கு மாற்றியதும் முதல் இரண்டு நாள் வீட்டில் சண்டை வரும். “என்னங்க டி.வி. மஞ்சளா இருக்கு?” என்பார்கள். நம் கண் கடைக்காரன் வைத்த நீலத்துக்குப் பழகிவிட்டது. வீடியோவின் வெள்ளைக்கு ஒரு நியமம் உண்டு, 6,500 கெல்வின். வேடிக்கை என்னவென்றால் நம் ஹாலில் எரிகிற கூல் டேலைட் டியூப்லைட்டும் பெரும்பாலும் அதே 6,500 வகைதான். டியூப்லைட் வெளிச்சத்தில் ஒரு வெள்ளைத் தாளைப் பிடித்துத் திரையின் வெள்ளையோடு ஒப்பிட்டுப் பாருங்கள். உத்தேசமாகத்தான் சொல்கிறேன், மீட்டர் வைத்து அளப்பவர் அடிக்க வராதீர்கள்.

சரி, கோப்பே மட்டமாக இருந்தால்? இங்கேதான் எல்லோரும் கம்ப்யூட்டரிடம் அற்புதம் எதிர்பார்க்கிறார்கள். வி.சி.டி.யில் ஒரு படத்துக்கு 352-க்கு 288, மொத்தம் ஒரு லட்சத்துச் சொச்சம் புள்ளி. 2007 வாக்கில் மோசர் பேர் வி.சி.டி.யை 28 ரூபாய்க்கு விற்றபோது கடைத்தெருவே அள்ளிக்கொண்டு வந்தது. அப்போது பல வீடுகளில் அரசு இலவசமாகக் கொடுத்த 14 இன்ச் கலர் டி.வி. இருந்தது. அந்தப் பெட்டிக்கு அந்த டிஸ்க் பொருந்தியது, யாரும் குறை சொல்லவில்லை. அதே டிஸ்க்கை இன்றைய 4கே திரையில் போட்டால் ஒரு புள்ளியை எண்பது புள்ளியாக ஊத வேண்டும். எப்படி ஊதினாலும் இல்லாத மூக்குத்தி வராது. செய்யக்கூடியது ஒன்றுதான், ஊதுவதை ஒருவரிடம் விடுவது. எம்பிவி போன்ற பிளேயரில் நல்ல கணக்குமுறைகள் இருக்கின்றன. கம்ப்யூட்டர் தாங்கும் என்றால் அதுவே 4கே-க்கு ஏற்றி அனுப்பட்டும், டி.வி. வாங்கிக் காட்டினால் போதும். கம்ப்யூட்டர் பழசு, திணறுகிறது என்றால் 1080-லேயே அனுப்பி மிச்சத்தை டி.வி.யிடம் விடுங்கள். பாதியை இது, மீதியை அது, அதற்குமேல் இரண்டும் கூராக்குவது என்று போனால் ஆளைச் சுற்றி வெள்ளைக்கோடு விழும்.

செயற்கை நுண்ணறிவால் பழைய பாட்டுகளை 4கே ஆக்கியதாக நிறைய வருகின்றன. பல்லெல்லாம் புதுப்பல், புருவமெல்லாம் வரைந்த புருவம். சிவாஜியின் கன்னம் துடிப்பதைப் பார்க்கத்தானே படம் போடுகிறோம்? அந்தத் துடிப்பை மணல் என்று நினைத்து இயந்திரம் இழைத்துவிடுகிறது. ஒரிஜினல் ஃபிலிமிலிருந்து முறையாக எடுத்துச் சீரமைப்பது வேறு. 1964 பொங்கலுக்கு வந்த ‘கர்ணன்’ 2012 மார்ச்சில் டிஜிட்டலில் சீரமைக்கப்பட்டுத் தியேட்டருக்கு வந்தபோது, வரிசையில் நின்றவர்களில் பாதிப் பேர் அது முதலில் வந்தபோது பிறந்தே இருக்கவில்லை. ஈஸ்ட்மென்கலரில் தயாரிப்பாளர் பந்துலு கொட்டிய பணம் திரையில் தெரிந்தது. கோப்பு தேடும்போது அப்படிச் சீரமைத்ததிலிருந்து வந்ததா, பழைய வீடியோ டேப்பிலிருந்து வந்ததா என்று பாருங்கள். அந்த ஒரு தேர்வுக்கு முன்னால் நான் இதுவரை சொன்ன திருகல் எல்லாம் சில்லறை.

கம்ப்யூட்டர் எது வாங்குவது என்று கேட்பீர்கள். சென்னை ரிச்சி தெருவுக்கு ஓடாதீர்கள். இன்டெல் என்100 போன்ற சின்னச் சிப் போட்ட கையடக்க மினி பிசியே ஹெச்.இ.வி.சி., ஏ.வி.1 வகைக் கோப்புகளை வியர்க்காமல் ஓட்டும், அந்த வேலைக்கென்றே அதற்குள் தனிச் சுற்று இருக்கிறது. பிளேயரில் ‘ஹார்டுவேர் டிகோடிங்’ இயங்குகிறதா என்று மட்டும் பாருங்கள். இயங்காவிட்டால் பிராசஸர் மூச்சு வாங்கும், சட்டங்கள் விழும். எம்பிவியில் ஆங்கில ‘ஐ’ எழுத்தை அழுத்தினால் எத்தனை சட்டம் விழுந்தது என்று கணக்குக் காட்டும். கத்திரி வெயிலில் நம் பக்கம் இன்னொன்று நடக்கும். ஷோகேஸ் அலமாரியில் கண்ணாடிக் கதவுக்குள் அதை வைத்துப் பூட்டுவார்கள். பெட்டி சூடேறி, தன்னைக் காப்பாற்றிக்கொள்ள வேகத்தைக் குறைக்கும். படம் இடைவேளைக்கு அப்புறம்தான் திக்குகிறது என்று ஒருவர் சொன்னார். மென்பொருளில் மூன்று நாள் தேடினேன். கடைசியில் பார்த்தால் மின்விசிறியில் பஞ்சுபோல் தூசி. ஊதிவிட்டேன். பீஸ் வாங்கக் கூச்சமாக இருந்தது, ஆனாலும் வாங்கினேன்.

ஒரே ஒரு விஷயம் பாக்கி. சினிமாவைவிட நம் வீடுகளில் பொக்கிஷமாக இருப்பது கல்யாணக் கேசட். அதை டி.வி.டி.யாக மாற்றி வைத்திருக்கிறீர்கள். அதில் ஒவ்வொரு படமும் இரண்டு அரைப்படம். ஒற்றைப்படைக் கோடுகள் ஒரு கணம், இரட்டைப்படைக் கோடுகள் அதற்கு 50-இல் ஒரு பங்கு விநாடி கழித்து. இரண்டையும் அப்படியே கோத்துக் காட்டினால் கை அசையும்போதெல்லாம் சீப்புப் பல்போலக் கோடு விழும். சில பிளேயர்கள் இரண்டையும் கலந்து குழைத்துவிடும். கோடு போகும், ஆனால் ஆள் ஆவிபோல நகர்வார். ஒவ்வொரு அரைப்படத்தையும் தனி முழுப்படமாக நிரப்பி விநாடிக்கு 50-ஆகக் காட்டுவதுதான் முறை. விஎல்சி பிளேயரில் ‘டீஇன்டர்லேஸ்’ என்ற இடத்தில் ‘யாடிஃப் 2எக்ஸ்’ என்று இருப்பது அதுதான்.

திண்டிவனத்தில் என் கடைக்கு ஒரு அம்மா வந்தார். அறுபது வயதிருக்கும். 1991-இல் தன் தம்பிக்கு நடந்த கல்யாணம், டிஸ்க்கில் கோடு கோடாக வருகிறது என்றார். போட்டேன், அப்படியே கோத்துக் காட்டிக்கொண்டிருந்த தேர்வை மாற்றினேன், திரையை 50-க்குக் கொண்டுவந்தேன். மண்டப வாசலில் அரிசித் தட்டோடு ஒரு கிழவி வந்தார். இடது காலைக் கொஞ்சம் இழுத்து வைத்து, தட்டு ஆடாமல், படியேறினார். இந்த அம்மா ஒன்றும் பேசவில்லை. பின்னால் ஓட்டச் சொன்னார். மறுபடியும் படியேறினார் அவர். மூன்றாவது முறையும் ஓட்டினேன்.

“எங்கம்மா. கால் வலி உண்டு அவங்களுக்கு. இத்தினி வருஷமா இதுல அது தெரியலியே.”

“அது டிஸ்க்குல இருந்திச்சும்மா. காட்டற மெஷின்தான் அழிச்சிருச்சு.”

கொஞ்ச நேரம் கழித்து, “இந்தக் கம்ப்யூட்டர் என்ன விலை?” என்றார்.

“வாங்காதீங்க. உங்க பையன் வேலை பார்த்துட்டுப் பழசுன்னு மூலையில போட்டிருப்பானே ஒண்ணு, அதைத் தூக்கிட்டு வாங்க. தூசி மட்டும் நான் ஊதித் தரேன்.”